வீட்டுக் கணினியில் போர் விமானக் கரணங்கள்

போர் விமானங்கள் வானில் போடும் கரணங்களையும் திருப்பங்களையும், சிமுலேட்டர் என்னும் மென்பொருளின் துணையுடன் வீட்டுக் கணினியில் செய்து பழகுவது இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு பொழுதுபோக்கு. அது வெறும் விளையாட்டாகத் தோன்றினாலும் அதன் வேர், விமானிகள் செத்துவிடாமல் பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நூறாண்டு முயற்சியில் இருக்கிறது. இக்கட்டுரை அந்த வரலாற்றையும், அது தமிழகத்துக்கு, குறிப்பாகத் திண்டுக்கல் போன்ற ஒரு சமவெளி நகரத்துக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் கூறுகிறது.

பூட்டுக்கும் பிரியாணிக்கும் மலைக்கோட்டைக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் விமான நிலையம் இல்லை. ஆனால் இரண்டு போர் விமானத் தளங்களுக்கு நடுவே இந்நகரம் அமைந்திருக்கிறது. வடமேற்கே நேர்கோட்டில் சுமார் 115 கி.மீ. தொலைவில் கோவை மாவட்டத்துச் சூலூர். கிழக்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் தஞ்சாவூர். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானத்துக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் திண்டுக்கல் எட்டு ஒன்பது நிமிடத் தொலைவுதான். சூலூரில் 2018 முதல் தேஜஸ் விமானங்களைக் கொண்ட 45ஆம் படையணி இருக்கிறது. 2020 மே மாதம் 18ஆம் படையணியும் அங்கே தேஜஸைப் பெற்றது. பின்னர் அது குஜராத்தின் நலியாவுக்கு மாற்றப்பட்டது. தஞ்சையில் 2020 ஜனவரி 20 முதல் 222ஆம் படையணியின் சுகோய்-30 எம்கேஐ விமானங்கள் உள்ளன.

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். இந்திய விமானப்படை அகாதமி இருப்பது திண்டுக்கல்லில் அன்று. தெலங்கானாவில் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள துண்டிகல்லில். ஆங்கில எழுத்தில் இரு பெயர்களும் ஓரிரு எழுத்தே வேறுபடுவதால் இணையத்தில் தேடும்போது இந்த மயக்கம் வருகிறது.

பீப்பாயும் துருத்தியும்

விமானம் பிறந்து சில ஆண்டுகளிலேயே, தரையில் வைத்துப் பழக்கும் கருவி தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டளவில் பிரான்சின் அன்டோனெட் நிறுவனம், பாதியாக வெட்டிய பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதன்மேல் ஓர் இருக்கையை அமைத்தது. ஆட்கள் பீப்பாயைப் பிடித்து ஆட்டுவார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் சக்கரங்களைத் திருப்பி நிலையாக நிற்கப் பழகுவார். அவ்வளவுதான் அன்றைய சிமுலேட்டர்.

அடுத்த பெரிய படி இசைக்கருவிப் பட்டறையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்கின் தந்தை பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். நம் ஹார்மோனியத்தைப் போலவே ஆர்கனும் துருத்தியால் காற்றடைத்து ஒலிப்பது. காற்றை அடைப்பதும் விடுவதுமாக ஒரு பெட்டியைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் முடியுமே என்று எட்வின் லிங்க் எண்ணினார். குட்டைச் சிறகுகளும் மூடிய இருக்கையும் கொண்ட ஒரு பொம்மை விமானத்தை 1929இல் அவர் முடித்தபோது விமானப்படைகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே முதலில் வாங்கின. காசு போட்டால் ஆடும் பொருளாகத்தான் அது வாழ்க்கையைத் தொடங்கியது. சிமுலேட்டர் விளையாட்டாக இருந்து பயிற்சியாக மாறியதா, பயிற்சியாக இருந்து விளையாட்டாக மாறியதா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

நிலைமையை மாற்றியது மரணம். 1934இன் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், தனியார் நிறுவனங்களின் வான் அஞ்சல் ஒப்பந்தங்களை ரத்து செய்து அந்தப் பணியைப் படை விமானிகளிடம் ஒப்படைத்தார். கருவிகளை மட்டும் பார்த்து இருளிலும் பனியிலும் பறக்கப் பழகாதவர்கள் அவர்கள். சில வாரங்களுக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது, படை அதிகாரிகள் தம்மைச் சந்திக்கக் காத்திருந்த இடத்துக்கு லிங்க் கடும் மூடுபனியில் தாமே விமானம் ஓட்டி வந்து இறங்கினார். இந்த வானிலையில் எவரும் வரமாட்டார் என்று அவர்கள் கிளம்பத் தயாராகியிருந்தனர். உடனே ஆறு கருவிகள் வாங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லிங்க் கருவிகள் பல நாடுகளில் பயன்பாட்டில் இருந்தன.

கரணங்கள் பிறந்த கதை

லூப் எனப்படும் செங்குத்து வட்டத்தை முதன்முதலில் போட்டவர் ரஷ்ய விமானியான பியோத்தர் நெஸ்தெரோவ். 1913 செப்டம்பர் 9 அன்று கீவ் நகரில் அதைச் செய்து காட்டினார். அரசுச் சொத்துக்கு ஆபத்து விளைவித்தார் என்று அவருக்குப் பத்து நாள் காவல் தண்டனை கிடைத்தது. சில நாள்களில் பிரெஞ்சு விமானி அடால்ஃப் பெகூ அதே கரணத்தைப் போட்டுப் புகழ்பெற்றதும், ரஷ்ய அரசு தண்டனையை நீக்கி நெஸ்தெரோவுக்குப் பதவி உயர்வு அளித்தது. அடுத்த ஆண்டே போரில், எதிரி விமானத்தின்மீது தம் விமானத்தை மோதி அவர் உயிரிழந்தார்.

முதல் உலகப் போர் இக்கரணங்களுக்கு வேலை கொடுத்தது. எதிரியின் முதுகுப்புறம் போய்ச் சேருவதே வான்சண்டையின் நோக்கம். ஜெர்மானிய விமானி மாக்ஸ் இம்மெல்மனின் பெயரால் வழங்கும் திருப்பத்தில், விமானம் அரை வட்டமாக மேலேறித் தலைகீழாகி, உச்சியில் அரை உருளல் உருண்டு நிமிர்கிறது. உயரம் கூடுகிறது, திசை நேர் எதிராகிறது. இதைக் கவிழ்த்துப் போட்டால் ஸ்பிளிட்-எஸ். முதலில் உருண்டு தலைகீழாகி, பின் அரை வட்டமாகக் கீழே பாய்ந்து எதிர்த்திசையில் நிமிர்வது அது. உயரம் குறையும், வேகம் கூடும்.

பழகுவோருக்குப் பிடிபடக் கடினமானது உயர் யோ-யோ. துரத்தும் விமானம் எதிரியைவிட வேகமாகப் போனால் அவனைத் தாண்டி முன்னே போய்விடும். அப்போது பின்னால் இருந்தவன் முன்னாலாகி இரையாகிவிடுவான். அதனால் அவன் வேகத்தை வீணாக்காமல், மூக்கை மேலே தூக்கி வேகத்தை உயரமாக மாற்றிக்கொள்கிறான். மேலே வேகம் குறைந்திருப்பதால் குறுகிய இடத்தில் திரும்ப முடிகிறது. பிறகு அந்த உயரத்தை மீண்டும் வேகமாக மாற்றிக்கொண்டு எதிரியின் பின்னே இறங்குகிறான். ஊஞ்சலில் ஆடிய குழந்தைக்கு இந்தக் கணக்கு உடம்பில் தெரியும். உச்சியில் வேகம் இல்லை, உயரம் இருக்கிறது. அடியில் உயரம் இல்லை, வேகம் இருக்கிறது.

பள்ளி இயற்பியலில் வரும் நிலையாற்றலும் இயக்க ஆற்றலும்தான் இங்கே பேசப்படுபவை. திண்டுக்கல் சமவெளிக்கு மேல் மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் உதவியும் காற்றின் தடையும் இல்லை என்று கொண்டால், அந்த வேகம் முழுவதும் உயரமாக மாறும்போது சுமார் 1,900 மீட்டர் ஏற முடியும். கொடைக்கானல் ஊர் திண்டுக்கல்லைவிட ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் இருக்கிறது. அதாவது சமவெளியில் 700 கி.மீ. வேகத்தில் இருப்பவனும் கொடைக்கானல் உயரத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பவனும் ஆற்றல் கணக்கில் ஏறக்குறைய சமம்.

இதை முறையான கோட்பாடாக எழுதியவர் அமெரிக்க விமானி ஜான் பாய்ட். அவர் 1960இல் வான்தாக்குதல் பற்றிய தம் ஆய்வைப் பயிற்சி ஏடாக எழுதினார். பிறகு தாமஸ் கிறிஸ்டி என்ற கணிதவியலாளருடன் சேர்ந்து, ஒவ்வொரு விமானமும் எந்த உயரத்தில் எந்த வேகத்தில் எவ்வளவு விரைவாக ஆற்றலைப் பெறவோ இழக்கவோ முடியும் என்று கணினியில் கணக்கிட்டார். அனுமதி இல்லாமல் படைக் கணினியைப் பயன்படுத்தியதற்காக அவர்மீது விசாரணையும் நடந்தது. அந்தக் கணக்கின் வழியே உருவானதுதான் 1974இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-16. பின்னாளில் வீட்டுக் கணினிகளில் மிகுதியாகப் பறந்த போர் விமானங்களில் ஒன்றும் அதுவே.

உயரமானி சொல்வதும் தரை இருப்பதும்

மணிக்கு 600 கி.மீ. வேகத்தில், 500 மீட்டர் ஆரத்தில் ஸ்பிளிட்-எஸ் போட்டால் இழக்கும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். பாய்ச்சலில் வேகம் கூடினால் வட்டமும் பெரிதாகும் என்பதால் இதைவிட அதிகமே தேவைப்படும். இப்போது கடல் மட்டத்திலிருந்து அளக்கும்படி வைத்த உயரமானி 1,200 மீட்டர் காட்டும்போது ஒருவர் இந்தக் கரணத்தைத் தொடங்குகிறார் என்று கொள்வோம். இராமேசுவரத்துக் கடலுக்கு மேலே என்றால் மயிரிழையில் தப்பலாம். திண்டுக்கல்லுக்கு மேலே என்றால் தப்ப வழியில்லை. திண்டுக்கல் நிலமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கையிலுள்ள உண்மையான உயரம் 920 மீட்டர்தான். அருகே சிறுமலை இருப்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் மோசம்.

இது ஏட்டுக் கணக்கு அன்று. 2003 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் இடாகோ மாநிலத்தில், மவுண்டன் ஹோம் தளத்தில் தண்டர்பேர்ட்ஸ் சாகசக் குழுவின் எஃப்-16 ஒன்று இதே கரணத்தில்தான் விழுந்தது. குழு வழக்கமாகப் பழகும் நெவாடா தளத்தைவிட அந்த இடம் சுமார் ஆயிரம் அடி உயரமானது. விமானி பழைய இடத்தின் எண்ணை மனத்தில் வைத்துக் கணக்கிட்டுவிட்டார். தரையிலிருந்து 2,500 அடி ஏறியிருக்க வேண்டியவர் 1,670 அடியே ஏறியிருந்தார். பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் மோதுவதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இருக்கும்போது இருக்கையோடு வெளியே வீசப்பட்டு உயிர் பிழைத்தார். வீட்டுச் சிமுலேட்டரில் பழகுவோர் பலரும் செய்யும் தவறு இது. அவர்கள் மறுதொடக்கப் பொத்தானை அழுத்துகிறார்கள்.

வீட்டுக்குள் வந்த விமானம்

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக், விமானம் பறக்கும் காட்சியைக் கணினித் திரையில் வரைவது பற்றி 1975இல் ஆய்வேடு எழுதினார். அவருடைய சப்லாஜிக் நிறுவனம் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்ட ஃபிளைட் சிமுலேட்டரில் சில கோடுகள்தான் நிலம். இருந்தும், முதல் உலகப் போர்க்கால வான்சண்டை விளையாட்டு ஒன்றும் அதிலேயே இருந்தது. 1982இல் இதன் அடுத்த வடிவத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது.

போர் விமானத்துக்கென்றே தனி மரபு 1980களின் நடுவில் உருவானது. 1987இல் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் நிறுவனத்தின் ஃபால்கன் வந்தது. அதில் எஃப்-16 விமானியின் அறை திரையில் விரிந்தது. 1998இல் வந்த ஃபால்கன் 4.0 கொரியப் போர்க்களம் முழுவதையும் கணினிக்குள் நடத்தியது. தடித்த கையேட்டைப் படிக்காமல் அதில் எஞ்சினைக்கூட இயக்க முடியாது. நிறுவனம் கைவிட்ட பிறகும் ஆர்வலர்கள் இன்றுவரை அதை மேம்படுத்தி வருகிறார்கள்.

சோவியத் தரப்பின் கதை நமக்கு நெருக்கமானது. 1989 ஜூனில் பாரிசை அடுத்த லெ பூர்ஜே கண்காட்சியில் விக்தர் புகசோவ் சுகோய்-27 விமானத்தில் ஒரு விந்தையைக் காட்டினார். நேராகப் போய்க்கொண்டிருந்த விமானம் திடீரென மூக்கை வானுக்குத் தூக்கி, அதற்கும் அப்பால் பின்னோக்கிச் சாய்ந்து, அதே திசையில் நகர்ந்தபடியே மீண்டும் கீழே தாழ்ந்தது. படமெடுக்கும் நாகத்தைப் போலிருந்ததால் கோப்ரா என்று பெயர் வந்தது. முழு விமானமே காற்றுத் தடுப்புப் பலகையாகி வேகம் சட்டெனக் குறைகிறது. விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினி வழக்கமாக இதை அனுமதிக்காது. விமானி அந்த வரம்பை விலக்கிவிட்டே செய்ய வேண்டும். 1995இல் வெளிவந்த சுகோய்-27 ஃபிளாங்கர் என்ற சிமுலேட்டர், அந்த விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய ஈகிள் டைனமிக்ஸ் குழுவின் இன்றைய படைப்பு டிசிஎஸ் வேர்ல்டு. தஞ்சையில் நிற்கும் சுகோய்-30 எம்கேஐ, அந்த சுகோய்-27இன் வழிவந்தது. எஞ்சினின் வாயையே திருப்பி உந்துவிசையின் திசையை மாற்றக்கூடியது.

கோப்ரா பார்ப்பதற்கு அழகு. போரில் அதன் பயன் குறைவு என்பதே பொதுவான மதிப்பீடு. பாய்ட் சொன்ன ஆற்றலை எல்லாம் ஒரே நொடியில் செலவழித்துவிட்டு நடுவானில் நிற்பவன், இன்னொரு எதிரி இருந்தால் எளிய இலக்கு. சிமுலேட்டரில் புதியவர்கள் முதலில் தேடுவது கோப்ராவைத்தான். உயர் யோ-யோவை ஒழுங்காகப் போடக் கற்றவரே சண்டையில் தேறுகிறார்.

தமிழகச் சூழல்

தமிழகத்தின் நடுத்தர நகரங்களில் வீட்டுக் கணினி பரவலானது 2000க்குப் பிறகுதான். அதற்கு முன் மணிக்கணக்கில் காசு கொடுக்கும் பிரௌசிங் சென்டர்களே பலருக்கும் கதி. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். யுபிஎஸ் இல்லாத வீட்டில் விமானம் ஓடுபாதையைத் தொடும் முன்பே திரை இருண்டுவிடும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், பேட்டரியில் ஓடும் கணினியைப் பல மாணவர் வீடுகளுக்கு முதன்முறையாகக் கொண்டுசேர்த்தது. கனமான சிமுலேட்டர்கள் அதில் ஓடா.

இந்த இடத்தில் ஃபிளைட்கியர் குறிப்பிடத்தக்கது. 1990களின் பிற்பகுதியில் தன்னார்வலர்கள் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது, விலை கிடையாது. அதன் பழைய பதிப்புகள் எளிய காட்சியமைப்பில் சிறிய கணினிகளிலும் ஓடக்கூடியவை. உலகம் முழுவதற்குமான நிலப்பரப்பு அதற்குக் கிடைப்பதால், மதுரை விமான நிலையத்தில் கிளம்பி வடக்கே திரும்பினால் சில நிமிடங்களில் சிறுமலை கண்ணில் படும்.

2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பூமி முழுவதையும் வரைந்தது. 2021இல் எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் அதில் சேர்ந்த பிறகு, போர் விமானத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி வருவது வீட்டிலிருந்தே இயல்வதாயிற்று. ஆனால் அதில் ஆயுதமில்லை, எதிரியில்லை. டிசிஎஸ்ஸில் ஆயுதமும் எதிரியும் உண்டு. காக்கசஸ், பாரசீக வளைகுடா, சிரியா என்று நிலங்களும் உண்டு. தென்னிந்தியா இல்லை. எனவே தமிழ் மாணவர் ஒருவர் தம் ஊர் வானில் கரணம் போடலாம், அல்லது அயலார் வானில் சண்டை போடலாம்.

கருவி பற்றியும் ஒரு சொல். விசைப்பலகையில் ஒரு விசை அழுந்தியிருக்கும் அல்லது அழுந்தாமலிருக்கும், நடுநிலை கிடையாது. விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டோ மயிரிழை அசைவுக்கும் இசையும். விசைப்பலகையில் இக்கரணங்களைப் பழகுவது, ஹார்மோனியத்தில் கமகம் பிடிக்க முயல்வதைப் போன்றது. எளிய ஜாய்ஸ்டிக் ஒன்றாவது வேண்டும்.

இந்தியாவில் உண்மையான சிமுலேட்டர்

இராமேசுவரத்தில் பிறந்து, திருச்சியிலும் சென்னை குரோம்பேட்டையிலும் படித்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் விமானப்படை விமானியாகவே விரும்பினார். 1958இல் டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் அவருக்கு ஒன்பதாம் இடம். இருந்தவை எட்டு இடங்கள். பிறகு அவர் அறிவியல் உதவியாளராகப் பணியில் சேர்ந்து, பெங்களூரில் வானூர்தி மேம்பாட்டு நிறுவனத்தில் நந்தி என்ற மிதவை ஊர்தியை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2006 ஜூன் 8 அன்று, 74ஆம் வயதில், குடியரசுத் தலைவராகப் புனேயிலிருந்து சுகோய்-30 விமானத்தில் பறந்தார்.

இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 1997இல் போர் விமான விபத்துகளை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குக் கலாம்தான் தலைவர். அந்த ஆய்வு தேவைப்பட்டதன் காரணத்தைப் பின்னாளில் வெளிவந்த எண்களே சொல்லும். 2012இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் அளித்த விவரப்படி, வாங்கப்பட்ட 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துகளில் அழிந்தன. 171 விமானிகள் இறந்தனர். மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேரே மிக்-21 போன்ற அதிவேக விமானத்துக்கு இளைஞர்களை ஏற்றியது காரணங்களில் ஒன்று என்பது பலமுறை சுட்டப்பட்டது. இடைநிலைப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1982இலேயே லா ஃபோண்டேன் குழு பரிந்துரைத்திருந்தது. ஹாக் பயிற்சி விமானம் விமானப்படையில் சேர்ந்தது 2008 பிப்ரவரியில். இருபத்தாறு ஆண்டுத் தாமதம்! இதை நிர்வாகச் சுணக்கம் என்று ஒரு சொல்லில் கடந்துவிட முடியாது.

தேஜஸ் விமானத்தின் கதையில் சிமுலேட்டருக்குத் தனி இடம் உண்டு. தேஜஸ் இயல்பிலேயே நிலையற்ற அமைப்புடையது. விரைவாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்டது. கணினி ஒவ்வொரு நொடியும் பலமுறை திருத்திக்கொண்டிருந்தால்தான் அது பறக்கும். அதற்கான கட்டுப்பாட்டு விதிகளை அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 1998 மே மாத அணுச் சோதனைக்குப் பின் தடைகள் வந்தன. நம் பொறியாளர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். மீதி வேலை பெங்களூரில் நடந்தது. கலாம் முன்பு பணிபுரிந்த அதே வானூர்தி மேம்பாட்டு நிறுவனத்தின் சிமுலேட்டரில், சோதனை விமானிகள் பறக்காத விமானத்தை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்துக் குறைகளைச் சொன்னார்கள். 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் முதல் தேஜஸை வானில் ஏற்றியபோது, அவர் கைகளுக்கு அது முற்றிலும் புதிய விமானமாக இருக்கவில்லை.

திரையில் இல்லாதது

மேலே சொன்ன 600 கி.மீ. வேகமும் 500 மீட்டர் ஆரமும் கொண்ட வட்டத்தின் அடிப்புள்ளியில் விமானியின் உடல்மீது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 6.7 மடங்கு விசை அழுத்தும். 60 கிலோ எடையுள்ளவர் 400 கிலோவாகக் கனப்பார். இரத்தம் தலையிலிருந்து கால்களுக்கு இறங்கும். முதலில் நிறம் மங்கும், பார்வை ஒடுங்கும், பிறகு நினைவு தப்பும். இதைத் தாங்கக் கால்களையும் வயிற்றையும் இறுக்கும் தனி உடையும், தசைகளை முறுக்கி மூச்சுவிடும் பயிற்சியும் வேண்டும். பெங்களூரிலுள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவக் கழகத்தில் மனிதரை வைத்துச் சுழற்றும் இயந்திரத்தில் இப்பயிற்சி தரப்படுகிறது. வீட்டு நாற்காலியில் இது எதுவும் இல்லை. டிசிஎஸ் போன்றவை திரையின் ஓரங்களை இருளாக்கி இதை நினைவூட்டுவதோடு சரி.

உடல் இல்லாதது சில வேளை ஆதாயமாகவும் ஆகிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் தார்பா அமைப்பு நடத்திய சிமுலேட்டர் போட்டியில், ஹெரான் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு நிரல் அனுபவம் மிக்க எஃப்-16 விமானி ஒருவரை ஐந்துக்குச் சுழியம் என வென்றது. நிரலுக்கு இரத்தமும் இல்லை, அச்சமும் இல்லை. மனித விமானிகள் பாதுகாப்பு விதிப்படி தவிர்க்கும் நேருக்கு நேர்ப் பாய்ச்சலை அது தயங்காமல் செய்தது. அந்தப் போட்டியில் விமானத்தின் அசைவைக் கணக்கிட்டது ஜேஎஸ்பிசிம் என்ற கட்டற்ற மென்பொருள். ஃபிளைட்கியரிலும் அதே மென்பொருள்தான் பல விமானங்களைப் பறக்க வைக்கிறது.

விமானப்படையில் சேர எண்ணும் மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பறத்தல் பிரிவுக்குக் கணினிவழி விமானி தேர்வு ஒன்று உண்டு. கையும் கண்ணும் காலும் இசைந்து இயங்குகின்றனவா என்று அது அளக்கிறது. வாழ்நாளில் ஒரே முறைதான் அதை எழுத முடியும். தோற்றால் மீண்டும் வாய்ப்பில்லை. வீட்டுச் சிமுலேட்டர் அதற்கு நேரடித் தயாரிப்பு ஆகாது; கைப்பழக்கம் ஓரளவு உதவக்கூடும். பிளஸ் டூவில் இயற்பியலையும் கணிதத்தையும் விட்டவர்களுக்குத் தேசியப் பாதுகாப்பு அகாதமி வழியே விமானியாகும் கதவு திறக்காது என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. 2016இல் பெண்களும் போர் விமானிகளாகப் பணியமர்த்தப்பட்டனர். இந்த அறிவுரை இன்று மாணவிகளுக்கும் அப்படியே பொருந்தும்.

சூலூரிலிருந்து துபாய்

2001 முதல் 2024 வரை தேஜஸ் விமானம் ஒன்றுகூட விபத்தில் விழவில்லை. 2024 மார்ச் 12 அன்று ஜெய்சால்மர் அருகே முதல் விமானம் விழுந்தது. விமானி வெளியேறித் தப்பினார்.

இரண்டாவது விபத்தில் அப்படி நடக்கவில்லை. 2025 நவம்பர் 21, துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாள். கூட்டத்தின் முன்னே தாழ்வான உயரத்தில் கரணங்கள் செய்துகொண்டிருந்த தேஜஸ், ஒரு திருப்பத்திலிருந்து மீளாமல் தரையில் மோதித் தீப்பிடித்தது. அதை ஓட்டிய விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தைச் சேர்ந்த அவர் பணிபுரிந்தது சூலூரில். நவம்பர் 23 அன்று அவரது உடல் முதலில் சூலூருக்குக் கொண்டுவரப்பட்டு, மரியாதை செலுத்தப்பட்ட பின் காங்ராவுக்கு அனுப்பப்பட்டது. விபத்தின் காரணத்தைக் கண்டறிய விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது.